தீப்பாறையில் அடுக்கு எப்படி வந்தது? பெரிய ஊடுருவல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டுவார்ஸ் ஆற்றங்கரையில் வெள்ளையும் கறுப்புமாகப் பாறை மாறி மாறி வருகிறது. வெள்ளை அனார்த்தசைட் (பெரும்பாலும் பிளாஜியோகிளேஸ் கனிமத்தாலான பாறை), கறுப்பு குரோமிட்டைட் (குரோமைட் கனிமம் நிறைந்த பாறை). கோடு கிழித்தது போன்ற எல்லைகள். சில இடங்களில் ஒரு கறுப்புப் பட்டை இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சேர்ந்துகொள்ளும். விவரம் தெரியாதவர் இதை ஆறு கொண்டுவந்து படியவைத்த மணற்பாறை என்றுதான் சொல்வார். ஆனால் இது சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் மேக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, மெல்ல ஆறி உறைந்தபோது உண்டானது. புஷ்வெல்ட் எனப்படும் அந்த ஊடுருவல் (மேக்மா நிலத்தடியில் புகுந்து உறைந்த பாறைத்திரள்) ஏறத்தாழ 65,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. அடுக்குத் தொகுதியின் தடிமன் மட்டும் 7 முதல் 9 கிலோமீட்டர்.

இப்படிப்பட்ட பாறையைப் பார்த்ததும் வாயில் வரும் விளக்கம், “எடை கூடிய கனிமம் கீழே போனது, எடை குறைந்தது மேலே நின்றது” என்பது. சில அடுக்குகளுக்கு அது பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. எது பொருந்தும் என்பதைப் பாறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும்: முதலில் கண்டது, பிறகு அளந்தது, அதன் பிறகே விளக்கம். களக்குறிப்பில் “படிந்த அடுக்கு” என்று எழுதிவிட்டால் அந்தச் சொல்லே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். “கறுப்புப் பட்டை, 14 செ.மீ., கீழ் எல்லை கூர்மை, மேல் எல்லை 3 செ.மீ.க்குள் மங்குகிறது” என்று எழுதுங்கள்.

படி 1: எந்த வகை அடுக்கு என்று பிரியுங்கள்

“அடுக்கு” என்ற ஒரே சொல்லில் நான்கு வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

கனிமங்கள் அதேதான், விகிதம் மட்டும் மாறுகிறது என்பது ஒன்று. கண்ணுக்கு முதலில் படுவது இதுதான். மணிகளின் பருமன் மாறுவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு கனிமம் புதிதாகச் சேர்வது அல்லது காணாமல் போவது. புஷ்வெல்ட்டில் கீழிருந்து மேலே போனால் முதலில் ஆலிவின், ஆர்த்தோபைராக்சீன், குரோமைட். பிறகு பிளாஜியோகிளேஸ் சேர்கிறது. அதன் பிறகு கிளைனோபைராக்சீன். மேல் மண்டலத்தின் தொடக்கத்தில் மேக்னடைட். இன்னும் மேலே அபடைட். இந்த வரிசை நூறு கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் வரைபடத்தில் மண்டல எல்லை போடுவது இதை வைத்துத்தான்.

நான்காவது மறை அடுக்கு. பாறை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கனிமத்தின் உள்ளமைப்பு மட்டும் மெல்ல மாறிக்கொண்டே போகும். கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்ட் ஊடுருவல்தான் இதற்குப் பாடநூல் உதாரணம். 1930இல் புவியியலாளர் லாரன்ஸ் வேகர் அதை அடையாளம் கண்டார். வேகரும் சக ஆய்வாளர் டீரும் 1939இல் வெளியிட்ட விவரிப்பிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. அங்கே கீழே பிளாஜியோகிளேஸில் அனார்த்தைட் (கால்சியம் மிகுந்த கூறு) பங்கு 60 விழுக்காட்டுக்கு மேல். உச்சியில் அது ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. ஆலிவினும் பைராக்சீனும் மேலே போகப் போக மக்னீசியத்தை இழந்து இரும்பைச் சேர்த்துக்கொள்கின்றன. இதைக் கைலென்சில் பார்க்க முடியாது, நுண்பகுப்பாய்வு வேண்டும். மேக்மா படிப்படியாக உறைந்தது என்பதற்கு மிக உறுதியான சான்று இந்த நான்காவதுதான். கண்ணைப் பறிக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைவிட இதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

படி 2: அளவெடுப்பு

பத்து மடங்கு கைலென்சு, திசைகாட்டியுடன் சாய்வுமானி, அளவு நாடா, சுண்ணக்கட்டி, சிறு காந்தம், பளபளப்புப் பூசாத பீங்கான் துண்டு. இவை போதும். சுத்தியல் எல்லா இடத்திலும் கூடாது. டுவார்ஸ் ஆற்றங்கரை பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே படம் எடுக்கலாம், உடைக்கக் கூடாது.

கறுப்புப் பட்டை எல்லாம் குரோமைட் அல்ல. பீங்கான் துண்டில் தேய்த்துப் பாருங்கள்: குரோமைட் பழுப்புக் கோடு போடும், மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். காந்தம் மேக்னடைட்டில் சட்டென்று ஒட்டும். குரோமைட்டில் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் இழுக்கும். பைராக்சீன் நிறைந்த கரும்பாறை காந்தத்துக்கும் மசியாது, கோடும் வெளிறிய சாம்பலாகத்தான் விழும்; அதில் பிளவுத்தளங்கள் வெயிலில் மின்னும்.

மேக்னடைட் அடுக்குகளுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை நம்பாதீர்கள். புஷ்வெல்ட் மேல் மண்டலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மேக்னடைட் அடுக்குகள் இருக்கின்றன. முதன்மை அடுக்கு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் தடிமன். அதன் மேல் திசைகாட்டியை வைத்தால் முள் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். தள்ளி நின்று அடுக்கின் நேர்கோட்டைக் குறிபார்த்து எடுங்கள், அல்லது அடுக்கின் மேல் ஒரே உயரத்தில் உள்ள இரண்டு இடங்களில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து அவற்றிலிருந்து திசையைக் கணக்கிடுங்கள். சாய்வுக் கோணம் மட்டும் பாதிக்கப்படாது, அது ஈர்ப்பை வைத்து அளக்கப்படுவது.

தடிமனை அடுக்குக்குச் செங்குத்தாகவே அளக்க வேண்டும். துளைக்கருவி எடுத்த உருளையில் நேரடியாக அளந்ததை அப்படியே எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. செங்குத்துத் துளை, அடுக்கின் சாய்வு 20 பாகை என்றால், உருளையில் 100 செ.மீ. தெரிவது உண்மையில் 94 செ.மீ.தான். புஷ்வெல்ட்டில் பிளாட்டினத்துக்காகத் தோண்டப்படும், ஒரு மீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள யூஜி2 குரோமிட்டைட் போன்ற அடுக்கில், பிளாட்டினக் கையிருப்புக் கணக்குப் போடும்போது 6 விழுக்காடு சின்ன விஷயம் அல்ல.

படி 3: மேல் எது, கீழ் எது

புஷ்வெல்ட்டில் அடுக்குகள் பெரும்பாலும் 10 முதல் 25 பாகைதான் சாய்ந்திருக்கின்றன, குழப்பமில்லை. மடிந்து கவிழ்ந்த பாறையில் இதுதான் முதல் கேள்வி. கூர்மையான அடி எல்லையில் கரும் கனிமங்கள் குவிந்து, மேலே போகப் போக வெளிறும் பட்டைகளை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தலைகீழாக அமைந்த பட்டைகளும் உண்டு. ஆகவே ஒரு பட்டையை வைத்து முடிவு செய்யாமல், அடுத்தடுத்த பல பட்டைகளை எண்ணிப் பெரும்பான்மையைப் பாருங்கள்.

அதைவிட நம்பகமானவை இரண்டு. ஸ்கேர்கார்டில் மேக்மா தேங்கி நின்ற அறையின் கூரையிலிருந்து பிய்ந்து விழுந்த பாறைத்துண்டுகள் அடுக்குகளுக்குள் பதிந்து கிடக்கின்றன. துண்டுக்குக் கீழே அடுக்குகள் அமுங்கி வளைந்திருக்கும்; மேலே உள்ளவை துண்டைப் போர்த்திக்கொண்டு போகும். இன்னொன்று, ஓர் அடுக்குத்தொகுதியை அரித்துக்கொண்டு அதன்மேல் படிந்த ஓடைபோன்ற குழிவுகள். எது எதை வெட்டுகிறது என்று பார்த்தாலே வரிசை தெரிந்துவிடும்.

படி 4: பாறைத்தகட்டில் முதல் மணியும் இடைநிரப்பும்

0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த பாறைத்தகட்டை நுண்ணோக்கியில் வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தக் கனிமம் முதலில் உருவானது, எது இடைவெளியை நிரப்பியது? தனக்கே உரிய முகங்களோடு நிற்கும் மணிகள் முதலில் வந்தவை. அவற்றுக்கு இடையில் கிடைத்த வடிவத்தை எடுத்துக்கொண்டது பின்னால் வந்தது. பெரிய பைராக்சீன் ஒன்றுக்குள் பத்து இருபது பிளாஜியோகிளேஸ் மணிகள் சிறைப்பட்டிருந்தால் பைராக்சீன் பின்னது. தகட்டைச் சுழற்றும்போது அந்தப் பைராக்சீன் முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டுபோகும். ஒரே படிகம் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

முதல் மணிகள் குவிந்த இப்படிப்பட்ட பாறைக்குக் குமுலேட் என்று பெயர். மணிகளுக்கிடையே அகப்பட்ட குழம்பு எவ்வளவு என்பதை வைத்து அதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: கால் பங்குக்கு மேல் இருந்தால் ஆர்த்தோகுமுலேட், 7 முதல் 25 விழுக்காடு மீசோகுமுலேட், அதற்கும் குறைவென்றால் அட்குமுலேட். இந்தப் பெயர்கள் 1960இல் வந்தவை, இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் பெயர் சூட்டுவதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

விகிதத்தைக் கண்மதிப்பில் எழுதாதீர்கள். புள்ளி எண்ணுங்கள், குறைந்தது 1,000 புள்ளி. உண்மையில் 5 விழுக்காடு இருக்கும் கனிமத்தை 1,000 புள்ளி எண்ணினால் 3.6க்கும் 6.4க்கும் இடையில் ஏதோ ஓர் எண் கிடைக்கும். 200 புள்ளியோடு நிறுத்தினால் 2க்கும் 8க்கும் இடையில் எதுவும் வரலாம். அதை வைத்து “மேலே போகப் போக ஆலிவின் கூடுகிறது” என்று சொல்ல முடியாது.

படி 5: மூழ்கும் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

எடை விளக்கம் எங்கே இடறுகிறது என்பது இங்கேதான் தெரியும். மேக்மாவில் ஒரு மணி மூழ்கும் வேகம் ஸ்டோக்ஸ் விதிப்படி: அடர்த்தி வேறுபாடு, ஈர்ப்பு முடுக்கம், ஆரத்தின் வர்க்கம் இவற்றைப் பெருக்கி, 2/9ஆல் பெருக்கி, பாகுத்தன்மையால் வகுக்க வேண்டும். ஆரம் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள்.

பாகுத்தன்மை 100 பாஸ்கல்-நொடி என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. விட்டமுள்ள ஆலிவின் மணி, குழம்பைவிடக் கன மீட்டருக்கு 600 கிலோ அதிகம்: ஒரு நாளில் ஏறத்தாழ 1.1 மீட்டர் இறங்கும். குரோமைட் அதைவிட அடர்த்தி மிக்கது, வேறுபாடு 1,700 கிலோ. ஆனால் குரோமைட் மணிகள் பொதுவாகச் சிறியவை. விட்டம் 0.2 மி.மீ. என்று எடுத்தால் ஒரு நாளைக்கு 3 செ.மீ. சொச்சம்தான் இறங்கும். எடை குறைந்த ஆலிவின், எடை கூடிய குரோமைட்டைவிட 35 மடங்கு வேகமாக மூழ்குகிறது. ஆக, ஆலிவினுக்குக் கீழே தூய குரோமைட் அடுக்கு இருந்தால், தூற்றும்போது நெல்லும் பதரும் பிரிவதுபோல் அவை பிரிந்து விழுந்தன என்று சொல்லிவிட முடியாது. குரோமைட் மட்டுமே படிகமான ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் மணிகள் படிந்த பிறகு ஏதோ ஒன்று அவற்றைப் பிரித்திருக்க வேண்டும்.

பிளாஜியோகிளேஸ் இன்னும் பெரிய தலைவலி. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 2.7 மடங்கை ஒட்டியது. ஸ்கேர்கார்டின் இரும்பு மிகுந்த குழம்பு அதைவிட அடர்த்தி கூடியது என்றே கணக்குகள் காட்டுகின்றன. பிளாஜியோகிளேஸ் மிதந்திருக்க வேண்டும். ஆனால் அறையின் தரையில் உருவான அடுக்குகளிலேயே அது ஏராளமாக இருக்கிறது. தரையிலேயே வளர்ந்திருக்கலாம், அல்லது கனமான மணிகளோடு சேர்ந்து சேறுபோல இறங்கியிருக்கலாம். தனித்தனியாக மூழ்கி வந்தது என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இன்னொரு கணக்கு, குரோமியத்துக்கு. 1 மீட்டர் தடிமனுள்ள குரோமிட்டைட், அடர்த்தி 4.4, அதில் குரோமியம் ஆக்சைடு 40 விழுக்காடு: ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1.76 டன். மேக்மாவில் கரைந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு மிகக் குறைவு. தன் எடையில் 0.1 விழுக்காட்டை அது அடுக்குக்குக் கொடுத்தது என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த ஒரு மீட்டருக்கு மேலே 650 மீட்டர் உயரக் குழம்பு நின்றிருக்க வேண்டும். புஷ்வெல்ட்டில் இத்தகைய அடுக்கு ஒன்றல்ல, கீழ், நடு, மேல் என மூன்று குழுக்களாகப் பத்துக்கும் மேல் இருக்கின்றன. அறையில் இருந்த குழம்பு மட்டும் போதாது. வெளியிலிருந்து குழம்பு வந்து போயிருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

படி 6: வழிகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

புதுக் குழம்பு நுழைந்து கலப்பது. பழைய குழம்பில் ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படிகமாகிக்கொண்டிருக்கும். புதியது கலந்ததும் கலவை சிறிது நேரத்துக்குக் குரோமைட் மட்டுமே உருவாகும் நிலைக்குத் தள்ளப்படும். 1977இல் நீல் இர்வின் முன்வைத்த விளக்கம் இது. சோதிக்க மறை அடுக்கைப் பாருங்கள்: குரோமைட் அடுக்குக்கு மேலே ஆலிவினிலோ பைராக்சீனிலோ மக்னீசியம் திடீரென்று ஏறினால் புதுக் குழம்பு வந்ததற்கு அறிகுறி. ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள தொடக்க ஓரகத் தனிம (ஐசோடோப்பு) விகிதமும் உதவும். புஷ்வெல்ட்டில் அது கீழே 0.705ஐ ஒட்டித் தொடங்கி, முதன்மை மண்டலத்தில் 0.708ஐத் தாண்டுகிறது. மூடிய அறையில் ஒரே குழம்பு உறைந்தால் இந்த எண் மாறவே மாறாது.

அழுத்தம் மாறுவது. அறை முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும் என்பதால், நூறு கிலோமீட்டருக்கும் மேல் சீராக ஓடும் மெல்லிய அடுக்குகளுக்கு இது கவர்ச்சியான விளக்கம். ஆனால் நேரடித் தடயம் அதிகம் விட்டுவைக்காது. வேறு எதுவும் பொருந்தாதபோது கையிலெடுக்கும் விளக்கமாக இது ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தரையிலேயே வளர்வது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் ஆலிவின் கிளைவிட்டு மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது; விழுந்த மணி அப்படிக் கிளைக்காது. புஷ்வெல்ட்டில் பிளாட்டினம் நிறைந்த மெரென்ஸ்கி அடுக்கும் குரோமிட்டைட்டுகளும் ஆங்காங்கே குழிந்து அடியிலுள்ள அடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் குழிவுகள் பெரிய தொல்லை, அடுக்கு திடீரென்று காணாமல் போகும். அந்தக் குழிவுகளின் சுவர் சில இடங்களில் உள்நோக்கிக் கவிந்து நிற்கும், அதன் அடிப்பக்கத்திலும் குரோமைட் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து விழுந்த எதுவும் கவிந்த சுவரின் அடியில் போய் ஒட்டாது.

மேக்னடைட் அடுக்கில் இதற்கு அழகான சோதனை உண்டு. மேக்னடைட் குரோமியத்தைப் பேராசையோடு இழுத்துக்கொள்ளும் கனிமம். அடுக்கின் அடியிலிருந்து மேலே சில செ.மீ.க்கு ஒன்றாக மாதிரி எடுத்துக் குரோமியத்தை அளந்தால் சடசடவென்று இறங்கிப்போவதைக் காணலாம். முழு அறையும் கலந்துகொண்டே இருந்திருந்தால் இவ்வளவு வேகமாக இறங்காது; தரையை ஒட்டிய மெல்லிய குழம்புப் படலம்தான் தீர்ந்துகொண்டிருந்தது என்று தெரிகிறது. மாதிரி இடைவெளியை ஒரு மீட்டராக வைத்தீர்கள் என்றால் இந்தக் கதை முழுவதும் கையை விட்டுப் போகும்.

குழம்பின் ஓட்டமும் சரிவும். மணிச்சேறு சரிவில் வழிந்து இறங்கும்போது பருமனும் அடர்த்தியும் பிரித்துவிடும். ஓடைக் குழிவுகள், கசங்கிய அடுக்குகள், உடைந்து இழுபட்ட துண்டுகள் இருந்தால் இதை எழுதலாம்.

கடைசியாக, படிந்த பிறகு நடப்பவை. மேல்சுமை அழுத்தி இடைக்குழம்பைப் பிழிந்து வெளியேற்றும். சிறு மணிகள் கரைந்து பெரிய மணிகள் வளரும். அமெரிக்காவின் மான்டானாவில் ஸ்டில்வாட்டர் ஊடுருவலில் பைராக்சீன் பட்டைகள் இரண்டிரண்டாக, சில செ.மீ. இடைவெளியில், சலிப்பூட்டும் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு புதுக் குழம்பு வந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

படி 7: வேதியியல் எண்களில் ஏமாறாமல் இருக்க

குமுலேட் பாறையை முழுதாக அரைத்துப் பகுத்து வரும் எண், எந்தக் குழம்பின் அமைப்பும் அல்ல. புதியவர்கள் அதை எரிமலைப் பாறைக்கான வரைபடத்தில் புள்ளியாக வைத்து, இல்லாத மேக்மாவுக்குப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். அந்த எண் முதல் மணிகளும் அகப்பட்ட குழம்பும் சேர்ந்த கலவையுடையது.

அகப்பட்ட குழம்பின் அளவை சிர்கோனியம் வைத்து மதிப்பிடலாம். ஆலிவின், பைராக்சீன், பிளாஜியோகிளேஸ் மூன்றும் அதை ஏறக்குறைய ஒதுக்கிவிடும். குழம்பில் பத்து லட்சத்தில் 60 பங்கு, பாறையில் 12 பங்கு என்றால் ஐந்தில் ஒரு பங்கு குழம்பு அகப்பட்டிருக்கிறது. குழம்பில் 60 என்பது நீங்கள் வைத்த ஊகம் என்பதைக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

அகப்பட்ட குழம்பு இன்னொரு வேலையும் செய்யும்: ஆலிவினின் மக்னீசியத்தைக் குறைத்துவிடும். பாறையில் ஆலிவின் சொற்பமாக இருந்தால் பாதிப்பு அதிகம். ஆகவே அனார்த்தசைட்டில் ஆங்காங்கே கிடக்கும் ஆலிவினையும் டூனைட்டில் நிறைந்திருக்கும் ஆலிவினையும் ஒரே கோட்டில் வைத்து “மேக்மா மாறிவிட்டது” என்று சொல்லக் கூடாது. பிளாஜியோகிளேஸில் மணியின் மையத்தை அளங்கள், விளிம்பை அல்ல.

தமிழ்நாட்டில் பழக ஓர் இடம்

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி. அனார்த்தசைட்டும் அதற்குள் குரோமிட்டைட் பட்டைகளும் இங்கேயும் உண்டு. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. 1956இல் ஏ.பி. சுப்ரமணியம் இதை விரிவாக விவரித்தார். சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் போன்ற பொடி தயாரிக்க இஸ்ரோ இந்தப் பக்கத்து அனார்த்தசைட்டைத்தான் எடுத்தது. நிலவின் மேட்டுநிலமும் அனார்த்தசைட்தான். அங்கே பிளாஜியோகிளேஸ் உண்மையாகவே மிதந்து மேலே சேர்ந்தது என்பதே பரவலான கருத்து.

புஷ்வெல்ட்டைப் படித்துவிட்டு நேரே இங்கே வந்தால் தடுமாறுவீர்கள். சித்தம்பூண்டிப் பாறைகள் பின்னால் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மடிந்து, செங்குத்தாகச் சாய்ந்துவிட்டன. படி 4இல் சொன்ன முதல் மணி, இடைநிரப்பு வேறுபாடு பல இடங்களில் அழிந்திருக்கும். மணிகள் மறுபடிகமாகி 120 பாகைச் சந்திப்புகளோடு நிற்கும். பட்டையாகத் தெரிவது பழைய மேக்மா அடுக்கா, உருமாற்றத்தில் வந்த இழையமைப்பா என்று முதலில் பிரியுங்கள்: மடிப்பின் மூக்கில் நின்று பார்த்தால் அடுக்கு வளைந்து திரும்பும், இழையமைப்பு பெரும்பாலும் அதை வெட்டிக்கொண்டு நேராகப் போகும். ஆம்பிபோல் (உருமாற்றத்திலும் உருவாகும் கரும் கனிமம்) அதிகமுள்ள பட்டைகளை மேக்மாவிலிருந்து வந்தவை என்று உடனே எழுதிவிடாதீர்கள். மேல்-கீழ் தீர்மானிக்க ஒரு பட்டையை நம்பாமல், மடிப்பின் இரு பக்கங்களிலும் தனித்தனியாக வரிசை எடுத்து ஒப்பிடுங்கள். நிலம் பெரும்பாலும் தனியாருடையது, கிணற்று மேட்டிலும் வரப்பிலும்தான் நல்ல வெட்டுமுகம் கிடைக்கும். இறங்குவதற்கு முன் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.